திங்கட்கிழமை ஐஸ்

அற்புதம் துணி மூட்டையோடு சந்துக்குள் நுழைவதைப் பார்த்ததும் சவரிநாதன் போய்த் தண்ணீர் வால்வைப் பாதி மூடினான். பார்க்கிறவர்களுக்கு, வேலையில் கருத்துள்ள மேஸ்திரி ஏதோ சரிபார்க்கிறான் என்றுதான் தோன்றும். உண்மையில் ஒரு ஐஸ் பேக்டரிக்கு அதைவிடப் பெரிய துரோகம் யாராலும் செய்ய முடியாது.

காரைக்காலில் மதார் சாகிபின் ஐஸ் பேக்டரியை நம்பித்தான் மீன்காரர்கள் பிழைத்தார்கள். அங்கே மிஷின் அமுக்கி அனுப்பும் வாயு கொதிக்கக் கொதிக்க வரும். முற்றத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கிய இரும்புக் குழாய்களுக்குள் அது ஓட, கிணற்றுத் தண்ணீர் மேலிருந்து குழாய்களின்மேல் வழிந்து அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். சூடு வாங்கிய தண்ணீர் மதிலின் அடித் துவாரம் வழியாகச் சந்தில் விழுந்து ஓடிவிடும். தண்ணீரைக் குறைத்துவிட்டால், வழிகிற கொஞ்சமும் கை பொறுக்கிற எல்லை வரை சுடும். ஆனால் வாயு சரியாக ஆறாது. அன்றைய ஐஸ் கட்டிகள் நடுவில் இறுகாமல் குழைந்து கிடக்கும்.

அற்புதம் மாதா கோயில் பீடத் துணிகளைத் துவைப்பவள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மெழுகுவத்தி வழிந்து துணியெல்லாம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும். பச்சைத் தண்ணீரில் அது அசையாது. விறகு எரித்து வெந்நீர் வைக்க அவளுக்கு வசதி ஏது? ஒருநாள் தற்செயலாக இந்தச் சந்துத் தண்ணீரில் கை வைத்தவள், அது வெதுவெதுவென்று இருக்கவும் அங்கேயே கல்லைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மதில் மார்பு உயரம்தான். அந்தப் பக்கம் அவள் மெழுகை நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஓய்வதைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் சும்மா நிற்பது சவரிநாதனால் ஆகவில்லை. கை தானாக வால்வுக்குப் போய்விட்டது.

அவள் புருஷன் மரியமுத்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, கல்யாணமான மறு வருஷமே சைகோனுக்குக் கப்பல் ஏறியவன். போன வருஷம் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. போனவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். அவன் வரவில்லை. செத்தான் என்றும் யாரும் சொல்லவில்லை. அது உறுதியாகாமல் சாமியார் அவளுக்குக் கோயிலில் இன்னொரு கல்யாண ஓலை வாசிக்க மாட்டார் என்பது சவரிநாதனுக்கும் தெரியும். தெரிந்து என்ன? திங்கட்கிழமை வந்தால் விடியும் முன்பே அவனுக்கு விழிப்பு வந்துவிடும். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் அவனை மேஸ்திரி என்பாள். அண்ணே என்று கூப்பிட எத்தனையோ தருணங்கள் வாய்த்தும் அவள் கூப்பிடவில்லை. அதை நினைத்து நினைத்தே அவன் வாரத்தை ஓட்டினான்.

ஊர் சும்மா இருக்குமா? மீன்கடையில், "திங்கக்கிழமை ஐஸா? ஒன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போ" என்று கேலி கிளம்பிவிட்டது. வஞ்சிரம் வீணாகிப் போனவர்கள் பேக்டரி வாசலுக்கே வந்து சத்தம் போட்டார்கள்.

"என்னப்பா சவரி, ஞாயித்துக்கெழமை ஓய்வெடுத்துட்டு நம்ம மிசினும் மறுநா சோம்பல் முறிக்குதா?" என்று முதலில் சிரித்த மதார் சாகிப், பிறகு சென்னையிலிருந்து இன்ஜினீயரை வரவழைத்தார். வந்தவர் உப்புப் பொருக்கேறிய குழாய்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். உப்பு ஏறி இதன் காலம் முடிந்துவிட்டது, வாயுவை ஆறவைக்க மூடிய உருளைக்குள் சிறுசிறு குழாய்கள் வைத்த புதுக் கண்டன்சர் போட வேண்டும் என்றார். சூடான தண்ணீரை மரக்கூண்டின் உச்சிக்கு ஏற்றி, விழவிட்டு, ஆறவைத்து, அதையே திரும்பப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு சொட்டும் வெளியே போகாது என்று அவர் பெருமையாகச் சொன்னபோது சவரிநாதன் மதிலின் அடித் துவாரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

அன்று மாலையே முதலாளியிடம் போய் நின்றான்.

"மொதலாளி, பழைய கொழா மேல தப்பு இல்லீங்க."

"பின்ன யாரு மேலப்பா?"

வாயைத் திறந்தான். வால்வை மூடியதைச் சொன்னால் அடுத்த கேள்வி 'ஏன்' என்று வரும். அதற்குப் பதில் சொன்னால், கணவனை எதிர்பார்த்திருக்கும் ஒருத்தியின் பெயர் மீன்கடை முதல் கோயில் வாசல் வரை நாறிப்போகும்.

"உப்பு மேலதாங்க" என்றான்.

"அதத்தானே இன்ஜினீயரும் சொல்றாரு! பழசோட நீ மல்லுக்கட்டுறத நா பாக்கலயா? அல்லா காவல், இனிமே ஒனக்குக் கஷ்டம் இல்ல."

புதுக் கண்டன்சரைச் சவரிநாதன்தான் பூட்டினான். அவளைப் பார்க்கிற வழியைத் தன் கையாலேயே அடைக்கிறோமே என்று ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும் மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் வேலையில் குறை வைக்க அவனுக்குத் தெரியவில்லை.

பழைய குழாய்களை நிறுத்த வேண்டிய நாளும் ஒரு திங்கட்கிழமையாகவே வந்தது. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. சவரிநாதன் மதிலருகே போய் நின்றான்.

"இன்னையோட இந்தத் தண்ணி வராதுங்க."

அற்புதம் நிமிர்ந்தாள். "திங்கக்கிழமை ஐஸ் நல்லால்லன்னு கடையில பேசிக்கிட்டாங்க. அதனாலயா மேஸ்திரி?"

"ஆமாங்க."

"அப்ப என்னாலதான்."

அவன் திடுக்கிட்டான். அவள் துணியைப் பார்த்தபடியே சொன்னாள்: "மத்த நாள்லயும் வந்து தொட்டுப் பாத்துருக்கேன். இந்தச் சூடு இருக்காது."

இத்தனை நாள் பொத்தி வைத்ததை அவள் அறிந்தே வாங்கிக்கொண்டிருந்தாள் என்று அவனுக்குப் புரிந்தது. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது.

"மரியமுத்து... வரலேன்னா?"

"வந்துட்டா?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அவனிடமே பதில் கிடைக்கும் என்பதுபோல் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் வால்வுப் பக்கம் திரும்பியது.

"எப்ப நிறுத்துவீங்க?"

"நீங்க எந்திரிச்சதும்."

துவைத்த துணிகள் எல்லாம் பிழிந்து கூடையில் இருந்தன. கூடையைத் தூக்க இரண்டு கையையும் வைத்தவள், அப்படியே நின்றாள். பிறகு மேலேயிருந்த துணியை உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் மெழுகின் சுவடுகூட இல்லை. கல்லில் மறுபடியும் உட்கார்ந்து, அதைச் சுடுதண்ணீரில் மெதுவாக முக்கினாள்.