அரைநிலாவுக்காக நின்ற லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தெட்டு வயதில் கேமரா கிறுக்குப் பிடித்தது. மச்சினன் புதுசு வாங்கிக்கொண்டு பழசை இவர் தலையில் கட்டிவிட்டான். இவரும் எடுத்த எடுப்பிலேயே நிலாவைக் குறிவைத்தார். விழுந்ததெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டு. "மாமா, முட்டை நல்லா வெந்திருக்கு" என்று மச்சினன் கிண்டலடித்தான்.

நிலா வெயிலில் கிடக்கிற பாறைதானே என்று ஒருநாள் மண்டையில் உறைத்தது. பட்டப்பகலில் எடுப்பதுபோல கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தைக் குறைத்தார். மேடு பள்ளமெல்லாம் தலைகாட்டின. ஆனால் ஒரே கலங்கல். கேமராவுக்கு முக்காலி போட்டார், டைமர் வைத்தார், மூச்சைக்கூட அடக்கினார். ம்ஹூம்.

மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. அவர் குடியிருந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையை ஒட்டித்தான் முக்காலி வைக்க இடம். மற்ற பக்கமெல்லாம் தண்ணீர்த் தொட்டி. கீழே யாராவது பொத்தானை அழுத்தினால் மேலே தரை அதிரும். இருபது வருஷம் மோட்டாரோடு குப்பை கொட்டியவர் தலையில் குட்டிக்கொண்டார்.

"நிறுத்திடுங்களேன், சாவி உங்ககிட்டதானே?" என்றாள் மனைவி.

"காரணமில்லாம நிறுத்தினா வேலை போயிடும். நீ கீழ நின்னு, வர்றவங்களை அஞ்சு நிமிஷம் பேச்சுல பிடிச்சு வை."

"என்னைப் பேசச் சொல்றீங்களா? நீங்களா?"

அன்று சாயங்காலம், வெளிச்சம் போகுமுன்னே அரைநிலா உச்சியில் நின்றது. கீழே மனைவி லிஃப்ட் கதவை மறித்துக்கொண்டாள். முதலில் வந்த பல் டாக்டரிடம் கடைவாய்ப்பல் வலியைச் சொன்னாள். அடுத்து வந்த டீச்சரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். காய்கறிப் பையோடு வந்த தபால்காரர்தான் பொறுமையிழந்தார்.

"ஏம்மா, லிஃப்ட் ரிப்பேரா?"

"இல்லண்ணே. மேல எங்க வீட்டுக்காரர் நிலாவைப் படம் பிடிக்கிறார். பொத்தானை அழுத்தினா நிலா ஆடிடும்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டீச்சர் முதலில் படியேறினார்.

மேலே மெக்கானிக் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் விழுந்த ஓரத்தில் பள்ளங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். மூச்சு வாங்க வந்த நால்வரும் அந்தச் சின்னத் திரைமேல் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள்.

"இத்தனை குழியா! நம்ம தெருவே தேவலையே" என்றார் தபால்காரர்.

மனைவி வெகுநேரம் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "நகருங்க, நான் ஒண்ணு எடுக்கறேன்" என்று கணவரை ஒதுக்கிவிட்டு முக்காலிக்குப் பின்னால் குனிந்தாள்.