அதே முகவரியில் வேறொரு சட்டை

1

இது கதையாகப் பிறந்ததல்ல. ஓர் இணைய இதழின் ஆசிரியை என்னிடம் கட்டுரைதான் கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'உங்கள் வலைப்பதிவைப் பிறர் எளிதாகப் பகிரவும், வாசகர்கள் தொடர்ந்து வரவும் என்ன செய்யலாம்?' இதிலென்ன கஷ்டம் என்று ஒப்புக்கொண்டேன். தலைப்பு தெளிவாக இருக்கட்டும், படம் இருக்கட்டும், பகிரும் பொத்தான் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும் என்று மளமளவென எழுதிக்கொண்டு வந்தேன். 'பொத்தான்' என்ற சொல்லுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

என் அண்ணிக்குப் பொத்தான் என்றால் வேறு. என் அண்ணனுக்கு அது இன்னும் வேறு.

கட்டுரை அந்த வரியிலேயே கிடக்கிறது. நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். நீங்களும் வந்துவிட்டீர்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் அமர்ந்திருந்த அண்ணன், உயிரற்றுத் தொங்கிய தன் இடது கையை வெறித்தபடி...'

(மழை பெய்யவில்லை. கை உயிரற்றும் இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.)

இதை அண்ணனிடமே காட்டினேன். அவன் படித்துவிட்டுக் கேட்டான்:

"நான் எப்ப ஜன்னல்கிட்ட உக்காந்தேன்?"

"கதையில உடம்பு முடியாதவங்க அங்கதான் உக்காருவாங்க."

"நான் ஃபேனுக்குக் கீழ உக்காருவேன். அதை எழுது."

எழுதிவிட்டேன். என் அண்ணன் ஃபேனுக்குக் கீழே உட்காருபவன்.

3

இரண்டாவது தொடக்கம் பரவாயில்லை ரகம்:

'என் அண்ணி துணிகளைப் பிரித்துத் தைப்பவர்.'

புதுத்துணி தைப்பதில் அவருக்கு நாட்டமில்லை. பருத்தவர் இளைத்தால், இளைத்தவர் பருத்தால், அக்காவின் சட்டை தங்கைக்கு வந்தால், வீட்டின் முன்னறையில் இருக்கும் அண்ணியின் தையல் எந்திரத்துக்கு வேலை வரும். அந்த வேலையைப் பற்றி ஒரு வலைப்பதிவும் வைத்திருந்தார். ஒவ்வொரு பதிவும் கல்யாணப் பந்தி மாதிரி நீளும். நானும் அவருடைய தோழி ஒருத்தியும் படிப்போம். தோழி உண்மையில் படித்தாளா என்பது எனக்குச் சந்தேகம்.*

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கற்றுக்கொடுத்தவன் என்று எழுதி, அழித்து, மறுபடி இப்படி எழுதியிருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடிக்க இடது கை வரவில்லை என்பதற்காகக் கற்றுக்கொடுப்பது மறந்துவிடுமா என்ன? பயிற்சிப் பள்ளியில் அவனுக்குப் பட்டப்பெயர் 'மெதுவா சார்'. மாணவர்கள் எவ்வளவு மெதுவாகப் போனாலும் "இன்னும் மெதுவா" என்பானாம்.

* தோழி இதைப் படித்தால் மன்னிக்கவும். படிக்க மாட்டாள்.

4

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்த புதிதில், சட்டை போடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. பனியனோடு இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் அவன் வேலைக்குப் போகாவிட்டாலும் காலையில் சட்டை போட்டாக வேண்டும் என்று நினைப்பவன். அண்ணி போட்டுவிட வந்தால் "விடு, நான் பாத்துக்கறேன்" என்பான். ஒரு நாள் அவன் தனியே பொத்தானோடு மல்லுக்கட்டுவதை அண்ணி கதவோரம் நின்று படம் எடுத்துவிட்டார். அதை வலைப்பதிவில் போட்டு, 'என் கணவரின் போராட்டம்' என்று தலைப்பு வைத்து, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினார்.

பதிவு பற்றிக்கொண்டது. கும்பிடும் கைகள், அழும் முகங்கள், இதயங்கள். பார்த்தவர் எல்லாம் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். தெரியாத ஊர்களிலிருந்து தெரியாத சகோதரிகள் எழுதினார்கள். யாருமே வராத வீட்டில் திடீரென்று கல்யாணக் கூட்டம். அண்ணிக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தனியாகத் தூக்கிய பாரத்துக்கு யாரோ ஒரு கை கொடுத்த மாதிரி இருந்ததாம்.

சில வாரம் சுற்றிச் சுற்றி அது பயிற்சிப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. 'நம்ம மெதுவா சாருக்காகப் பிரார்த்திப்போம்' என்று ஒருவர் போட்டிருந்தார். அந்தக் குழுவில் அண்ணனும் இருக்கிறான்.

அவன் ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டான்.

"என் நாக்கு வெளியில இருந்துச்சா?"

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. படத்தில், பொத்தானைத் துளைக்குள் தள்ளும் கவனத்தில், அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"நல்ல எண்ணத்துலதாங்க போட்டேன்."

"தெரியும். அதனாலதான் கோபப்படக்கூட முடியல."

5

(இந்த இடத்தில் அண்ணியைக் கொஞ்சம் வில்லியாக்கலாமா என்று யோசித்தேன். கதைக்கு விறுவிறுப்பு வரும். ஆனால் அண்ணன் தூங்கும்போது அந்த இடது கை உடம்புக்கடியில் மாட்டிக்கொள்ளாதபடி எடுத்துத் தலையணைமேல் வைப்பவர் அவர்தான். அவரை வைத்து நான் என்ன விறுவிறுப்புச் செய்ய?)

அண்ணி பதிவை அன்றே அழித்துவிட்டார். ஆனால் அனுப்பிய படத்தைத் திரும்ப வாங்க முடியாது. அது யார் யார் ஃபோனிலோ இன்னும் இருக்கிறது. கூட்டமும் வந்த வேகத்தில் கலைந்தது. இரக்கப்பட்டு வருபவர்கள் ஒரு தடவைதான் வருவார்கள். இது கட்டுரைக்காகக் குறித்து வைத்திருந்த வரி. இங்கேயே இருக்கட்டும்.

அண்ணன் சட்டை போடுவதை நிறுத்திவிட்டான். தலைவழியாக மாட்டும் பனியன்களே போதும் என்றான். பொத்தான் வைத்த சட்டைகள் எல்லாம் மடித்த மடிப்புக் கலையாமல் அலமாரிக்குள் போயின. வீட்டில் சண்டையில்லை. "தண்ணி வேணுமா?", "வேணாம்" என்ற அளவில் பேச்சிருந்தது. அதைவிடச் சண்டையே மேல் என்றார் அண்ணி என்னிடம்.

6

பிறகு ஒரு மதியம் ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் எங்கோ ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி சிகிச்சை தருபவர். வீட்டுக்குப் போகும் நோயாளிகளின் குடும்பத்துக்கு அண்ணியின் பதிவை அனுப்பிவந்தாராம். இப்போது திறந்தால் 'இந்தப் பக்கம் இல்லை' என்று வருகிறதாம். அப்பாவை அழைத்துப்போக வந்த ஒரு பெண், ஃபோனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுலதான் இருக்குன்னு சொன்னீங்களே" என்று கேட்டாளாம்.

அண்ணி அதை அண்ணனிடம் காட்டினார். காட்டலாமா என்று அரைமணி நேரம் தையல் எந்திரத்தில் நூலே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தபிறகு காட்டினார்.

அண்ணன் இரண்டு தடவை படித்தான்.

"சட்டை எப்படிப் போடறதுன்னு அந்தப் பதிவுல இருந்துச்சா?"

"இருந்துச்சு. உங்க ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்ததை எழுதியிருந்தேன்."

"எங்க?"

"கடைசிப் பத்தியில."

"கடைசியிலயா?" அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நாள்கணக்கில் கேட்காத குரல் அது. "பிரேக் எங்க இருக்குன்னு யாராவது கடைசிப் பாடத்துல சொல்லுவாங்களா? உன் அழுகை, என் நாக்கு, எல்லாத்தையும் தாண்டி அந்தப் பொண்ணு சட்டைக்கு வரணுமா? அதுக்குள்ள அவங்கப்பா பனியனோடயே வீட்டுக்குப் போயிடுவாரு."

அண்ணிக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். "அப்ப நீங்களே சொல்லுங்க, எழுதறேன்."

"ஒரு நேரத்துல ஒரு வேலை. கிளட்ச் சொல்லும்போது கண்ணாடியைப் பத்திப் பேசக் கூடாது."

7

சமாதானம் ஆன காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணி அழுகிறார். ஒன்றில் அண்ணன் சிரிக்கிறான். ஒன்றில் இருவரும் ஒரே சமயத்தில்... வேண்டாம்.

நடந்தது இது. "நீலச் சட்டை போடுங்க, படத்துல எடுப்பா தெரியும்" என்றார் அண்ணி. "நீலத்துல மணிக்கட்டு இறுக்கும்" என்றான் அண்ணன். அண்ணி சட்டையை வாங்கி, மணிக்கட்டுப் பொத்தானை வெட்டியெடுத்து, இழுத்தால் நீளும் நூலில் தைத்துக் கொடுத்தார். பொத்தானைக் கழற்றாமலே கை உள்ளே போனது.

"இதை முன்னாடியே பண்ணியிருக்கலாமே," என்றான் அண்ணன்.

"நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் அண்ணி.

இவ்வளவுதான். இதற்குமேல் கேட்காதீர்கள்.

8

புதுப் பதிவுகளில் அண்ணனின் முகம் இல்லை. அது அவன் போட்ட நிபந்தனை. கழுத்துக்குக் கீழே, கைகள் மட்டும். ஒரு பெரிய பதிவை உடைத்துச் சின்னச் சின்னதாக்கினார்கள். சட்டை போட ஒன்று, கழற்ற ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று, ஜிப்புக்கு ஒன்று. அவரவருக்கு வேண்டியதை மட்டும் அனுப்பலாம். 'என் கணவரின் போராட்டம்' போய், 'ஒரு கையால் சட்டை போடுவது எப்படி?' என்று வந்தது. கவலையோடு இருக்கிறவர் தேடும்போது என்ன கேட்பாரோ அதுதான் தலைப்பு. முதல் வரியே வேலையைச் சொன்னது: 'உட்காருங்கள். வராத கையை முதலில் நுழையுங்கள்.' அடுத்தது: 'பொத்தானைக் கீழிருந்து மேலே போடுங்கள்.' திறக்காமலே புரியும்படி முதல் படம். பழைய ஃபோனிலும் சட்டென்று திறக்கும்படி கனமில்லாத பக்கம். ஒவ்வொன்றின் கீழும் பகிர ஒரு பொத்தான்.

(பாருங்கள், கட்டுரை இங்கே வந்து சேர்ந்துகொண்டது. ஆசிரியைக்கு இந்தப் பத்தியை மட்டும் வெட்டி அனுப்பிவிடலாம்.)

சட்டைப் பதிவை அண்ணி, அழித்த பதிவின் பழைய முகவரியிலேயே ஏற்றினார். அந்தச் சிகிச்சையாளர் எப்போதோ அனுப்பிய லிங்க்கைத் தட்டினாலும் இதுதான் திறக்கும். பயிற்சிப் பள்ளிக் குழுவில் பிரார்த்தனைக்கு வந்த லிங்க்கும் அப்படியே. பரிதாபப்பட வருகிறவருக்குச் சட்டை போடக் கற்றுக்கொடுத்து அனுப்பினான் என் அண்ணன்.

இந்த முறை பற்றிக்கொள்ளவில்லை. தூறல் மாதிரி, நாளைக்கு நாலு பேர், ஆறு பேர். ஆனால் நிற்கவில்லை. பெரும்பாலும் மாலை நேரத்தில் வருகிறார்கள். "ஆஸ்பத்திரிலயும் அதுதானே பார்வையாளர் நேரம்?" என்றார் அண்ணி. உண்மையா என்று தெரியாது. ஆனால் அதைச் சொன்னபோது அவர் முகம் நன்றாக இருந்தது.

பகிர்வது என்றால் என்ன என்று ஆசிரியை கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்: 'உன் நினைப்பாகவே இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர், ஜிப் போடுவது பற்றிய பக்கத்தை அனுப்புகிறார்.

9

முடிவுக்கு வருவோம். அண்ணன் மறுபடி கார் ஓட்டுகிறான் என்று ஒரு முடிவு எழுதினேன். அவன் படித்துவிட்டு, "பொய்" என்றான். பயிற்சிப் பள்ளியில் பாராட்டு விழா என்று இன்னொன்று எழுதினேன். "அதைவிடப் பெரிய பொய்" என்றான்.

மூன்றாவது முடிவை எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இளைஞர். விபத்தில் வலது கை போனவர். 'எனக்கு மகள் பிறந்திருக்கிறாள். கீழே போட்டுவிடுவேன் என்று என் கையில் யாரும் தருவதில்லை. நானும் கேட்பதில்லை. ஒரு கையால் குழந்தையை எப்படித் தூக்குவது? உங்கள் பக்கத்தில் தேடினேன், இல்லை.'

அண்ணன் தலையணையைத் தூக்கிப் பார்த்தான். சரியாக வந்தது. "தலையணை தலையை ஆட்டாது" என்றார் அண்ணி. மாவுப் பையை மடியில் வைத்து எழுந்தான். சரிந்தது. தோளிலிருந்து குறுக்கே கட்டும் துணி ஒன்றை அண்ணி தைத்தார். பை நின்றது. ஆனால் ஒரு பக்கமாக மடங்கியது. அண்ணி பிரித்துவிட்டு மறுபடி தைத்தார். மறுபடி மடங்கியது.

"செஞ்சு பாக்காததைப் போடக் கூடாது," என்றான் அண்ணன்.

"போட மாட்டேன்," என்றார் அண்ணி.

அந்த இளைஞருக்கு இப்போதைக்கு இவ்வளவுதான் பதில் போயிருக்கிறது: 'சுவரோரம் சாய்ந்து தரையில் உட்காருங்கள். மடியில் தரச் சொல்லிக் கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள். எழுந்து நடப்பதை நாங்கள் கற்றுக்கொண்டு சொல்கிறோம்.'

பக்கத்தை அண்ணி திறந்து வைத்துவிட்டார். தலைப்பு இருக்கிறது: 'ஒரு கையால் குழந்தையைத் தூக்குவது எப்படி?' அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. என் கதையும் அங்கேதான் நிற்கிறது. எனக்குக் குழந்தையைத் தூக்க இரண்டு கை வேண்டும். ஆகவே இதை முடிக்கும் தகுதி எனக்கில்லை.

உங்களில் யாராவது தூக்கியிருப்பீர்கள். மறு கையில் பை இருந்திருக்கும், கட்டு இருந்திருக்கும், கையே இல்லாமலும் இருந்திருக்கும். முதலில் எதைத் தாங்கினீர்கள்? தலையையா, முதுகையா? எழுந்தபோது எந்தக் காலை ஊன்றினீர்கள்? தெரிந்தவர் எழுதுங்கள். தெரியாதவர், தெரிந்தவருக்கு அனுப்புங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையாகச் சொல்லுங்கள், மெதுவாக. அங்கே ஒருவர் மடியில் மகளோடு உட்கார்ந்திருக்கிறார்.