மெத்தை அடித்த கதவு

"ஆல்பம் அட்டையில என் பேரையும் போடுங்கப்பா."

கேட்டே விட்டாள். 'எதை வேணும்னாலும் கேளு, அதை மட்டும் அவர்கிட்ட கேட்டுராத' என்று அம்மா ஆறு மாதமாகச் சொல்லி வந்ததை, ஃபேனை நிறுத்திப் புழுங்கிக்கொண்டிருந்த அந்தப் பெட்டி அறைக்குள் நின்று கேட்டுவிட்டாள்.

ஸ்டூடியோ ஆவதற்கு முன் அது அவள் அறை. இப்போது கதவில் அவளுடைய பழைய மெத்தை ஆணியடித்துத் தொங்குகிறது; ஜன்னலில் இரண்டு கம்பளிகள். ரெக்கார்டிங் நடக்கும்போது ஃப்ரிட்ஜ் ஓடக்கூடாது, அம்மா பாத்திரம் தேய்க்கக்கூடாது, மாடி வீட்டுக் குழந்தை மட்டும் கர்த்தர் சித்தப்படி அழலாம். முப்பது வருடமாகச் சபை சபையாகப் போய் ஸ்டீல் கிதார் வாசிப்பவர் அப்பா. கிதாரை மடியில் படுக்கவைத்து, கம்பிகள் மேல் இரும்பு உருளையை அவர் நகர்த்தினால் கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். போன வருடம் வாதம் வந்து இடது பக்கம் லேசாக இழுத்துக்கொண்டதிலிருந்து உருளை நடுங்குகிறது. வெளியில் யாருக்கும் தெரியாது. வரப்போகும் ஆல்பத்தின் எட்டுப் பாட்டிலும் உருளை பிடித்தது மகளின் கை.

அப்பா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "இது ஊழியம்மா. பேருக்காகப் பண்றதில்ல."

"சரி. அப்ப உங்க பேரையும் எடுத்துடலாம்."

மேசையில் அட்டையின் மாதிரி கிடந்தது. அவர் படம், அவர் பேர், அதுவும் தங்க எழுத்தில். மைக் ஸ்டாண்டு இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட நன்றி இருந்தது.

"நாலு எழுத்து படிச்சிட்டா அப்பனையே மடக்கலாம்னு ஆயிடுச்சு."

"படிக்கவெச்சது நீங்கதானே."

அவருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் போய்விட்டது. இடது கையை வலது கைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். "விஷயம் தெரிஞ்சா ஒருத்தனும் கூப்பிடமாட்டான். மேடையில ஏத்தி, தலையில கைவெச்சு ஜெபம் பண்ணி, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவர் சொன்னது பொய்யில்லை, அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அந்த வீட்டில் கல்லூரி விண்ணப்பம் என்ற ஒன்றை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தவள் அவள். ஒவ்வொரு படிவத்தையும் யாரும் சொல்லித்தராமல் தானே நிரப்பியவள். பெயர் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டுப் பழக்கமில்லை.

"எட்டுல ஒண்ணாவது உங்களுக்குத் திருப்தியில்லாம இருக்கா? சொல்லுங்க."

அவர் மூன்றாவது பாட்டை ஓடவிட்டார். கடைசிச் சரணத்துக்கு முன்னால் உருளை மெல்ல ஏறி, போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்துக்கு ஒரு மயிரிழை முன்னே நின்று, வேண்டுமென்றே காக்கவைத்து, அப்புறம்தான் தொட்டது.

"இது என்னோடது இல்ல," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"அதைத்தான்ப்பா நானும் சொல்றேன்."

பாட்டு முடிந்ததும் அவளே தொடர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சபையில நான்தான் வாசிக்கறேன்னு பாடகர் குழு மாஸ்டர்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன். இப்ப ஒத்திகை. உங்க கையப் பத்தி மூச்சு விடல. அது நீங்க சொல்லவேண்டியது. அட்டையில போடறதும் போடாததும் உங்க இஷ்டம்."

அவருடைய கிதாரை அவள் தொடவில்லை. முதல் சம்பளத்தில் வாங்கிய தன்னுடையதைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டாள். கதவை அறைந்து சாத்த வேண்டும்போல இருந்தது. ஓங்கித்தான் தள்ளினாள். மெத்தை அடித்த கதவு 'புஸ்' என்று மூடிக்கொண்டது.

சமையலறையில் அம்மா ஈரத் தட்டு ஒன்றை, சத்தம் வந்துவிடுமோ என்று கீழே வைக்காமல் பிடித்தபடி நின்றாள்.

"வெச்சுடும்மா," என்றாள் முழுக் குரலில். பெட்டி முழங்காலில் இடிக்க இடிக்கப் படியிறங்கினாள். பாதிப் படியில், தட்டு சமையல் மேடைமேல் 'ணங்' என்று வைக்கப்படும் சத்தம் கேட்டது.