பத்து மணி ஆறு நிமிடம்

புருஷன் தர்மனின் தாடையை வெள்ளைத் துணியால் ஏந்தி, உச்சந்தலையில் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள் செல்லி. வாசலில் அவனுடைய அண்ணன் கோவிந்தன் போனில் கத்துவது உள்ளே வரைக்கும் கேட்டது.

"பத்து இருவத்தொண்ணுங்க. நானே பாத்தனுங்க. பொண்ணு கத்துன சத்தங் கேட்டு ஓடியாந்தன், உள்ள கால வச்சதும் மொதல்ல மணியத்தான் பாத்தன்."

அந்தப் பக்கம் காரிமங்கலத்து ஜோசியர். பஞ்சாங்கம் புரட்டுகிற நேரத்துக்குப் பேச்சில்லை. சாவு வீட்டுக்கு வந்திருந்த சனம் முழுக்க அந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு கோவிந்தனின் முகம் இளகியது.

"ரேவதி பத்து பதினாலுக்கே முடிஞ்சிருச்சாம். அஸ்வினி பொறந்த பின்னாலதான் உசுரு போயிருக்குது. அடைப்பு இல்ல. ஏழு நிமிசத்துல தப்பிச்சம்!"

செத்த வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். கோவிந்தனின் வீடு ஒரே சுவருக்கு அந்தப் பக்கம். அவன் மருமகளுக்கு எட்டாம் மாசம். அடைப்பு நட்சத்திரமான ரேவதியில் செத்திருந்தால் ஆறு மாசம் இந்த வீட்டைப் பூட்ட வேண்டும், குறுக்கே முள் வெட்டிப் போட வேண்டும். இல்லையென்றால் செத்தவன் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்து இன்னொரு உசிரைத் துணைக்குக் கூட்டிப் போவான் என்பது ஊர் நம்பிக்கை.

செல்லி தலையைத் தூக்கிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. அப்படியென்றால் பத்து முப்பத்தைந்து.

இருபது வருசமாக அந்தக் கழித்தல் அவளுக்குப் பழக்கம். ஒருநாள் குவாரி டெம்போவை ரெண்டு நிமிசத்தில் விட்டுவிட்டுக் கூலியில்லாமல் திரும்பி வந்த தர்மன், அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி, கடிகார முள்ளைப் பதினைந்து நிமிசம் முன்னால் தள்ளி வைத்தான். அதற்குப் பிறகு டெம்போவை அவன் விட்டதில்லை. கல்தூசி நெஞ்சை அடைத்துப் படுக்கையில் போட்ட பின்னும் யாரும் முள்ளைப் பின்னால் நகர்த்தவில்லை. வீட்டில் இருக்கிற மூன்று பேரும் பார்த்ததும் பதினைந்தைக் கழித்துக்கொள்வார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோவிந்தனுக்குக்கூட அது தெரியாது.

வெளியில் தெரிந்தவள் ஒருத்திதான். பாஞ்சாலி.

தினமும் செல்லியோடு கல் சுமக்கப் போகிறவள். காலையில் வாசலில் நின்று, "அக்கா, உங்க வூட்டு மணி என்னா, ஊரு மணி என்னா?" என்று கேலி பேசுகிறவள். இப்போது கால்மாட்டில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். அவள் கண் கடிகாரத்துக்குப் போனதைச் செல்லி பார்த்தாள். உதடு கணக்குப் போட்டது. பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் மலர்விழி காதருகே வந்தாள். "அம்மா, சும்மா இரு. பெரியப்பாவே சொல்லிட்டாரு. நாம ஒண்ணும் சொல்ல வேணாம்."

அவள் சொல்வதும் சரிதான். மலருக்குக் கல்லூரியில் இது கடைசி வருசம். பௌதிகம். வீட்டைப் பூட்டினால் அவளும் தானும் எங்கே போவது?

தர்மன் செத்தபோது மணி பத்து ஆறு. அதில் சந்தேகமே கிடையாது. அவன் விரல் லேப்டாப்பின் மேல் இருந்தது, அதன் மூலையில் மணி இருந்தது, மலர் அதைப் பார்த்துக்கொண்டே அப்பா அப்பா என்று கத்தினாள்.

நாலு மாசமாகவே அவனுக்கு அதுதான் பொழுது. கல்லூரிக்காக மலர் செய்த விளையாட்டு மாதிரி ஒன்று. வெளிச்சத்தின் வேகத்துக்கு ஓடினால் நேரம் என்ன ஆகும் என்று காட்டுவது. புத்தகத்தில் ராக்கெட் போட்டிருந்தார்களாம், இவள் அப்பாவுக்காக லாரி வரைந்திருந்தாள். லாரியின் தொட்டியில் மேலே ஒரு கண்ணாடி, கீழே ஒரு கண்ணாடி, நடுவே ஒரு வெளிச்சப் பொட்டு மேலும் கீழும் குதிக்கும். அடியில் ஒரு கோடு, கோட்டில் ஒரு குமிழ். குமிழை வலது பக்கம் இழுக்க இழுக்க, வெளிச்ச வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வரை லாரி வேகம் பிடிக்கும், வெளிச்சம் சாய்ந்து சாய்ந்து நெடுந்தூரம் போக வேண்டி வரும். மேலே ரெண்டு கடிகாரம், ஓட விட்டதிலிருந்து எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று காட்ட. நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்ற அம்மாவும் படிக்கட்டும் என்று பெயரைத் தமிழில் எழுதியிருந்தாள்: தரைக் கடிகாரம், லாரிக் கடிகாரம்.

"இந்த லாரிக்கு எப்.சி. எடுத்திருக்குதா?" என்பான் தர்மன் மூச்சு வாங்கிக்கொண்டே. "தொண்ணூத்தொம்பதுல ஓட்றன், போலீசு புடிச்சா நீதான் வந்து பேசணும்."

"யப்பா, லாரியப் பாக்காத, மணியப் பாரு. தரையில ஏழு நிமிசம் போனா லாரியில ஒண்ணுதான் போவுது."

"அப்ப லாரி மணி ரிப்பேரா?"

"இல்லப்பா. உள்ள உக்காந்திருக்கறவனுக்கு அது சரியாத்தான் ஓடும். அவன் எட்டிப் பாத்தா நம்ம மணிதான் மெதுவாப் போற மாதிரி இருக்கும்."

"அப்ப எது நெசம்?"

"ரெண்டும் நெசந்தான்."

அவன் ரொம்ப நேரம் இருமினான். பிறகு சொன்னான்: "குவாரியில மேஸ்திரி கையில ஒரு மணி ஓடும், எங்க முதுகுல ஒரு மணி ஓடும். அவன் மணிதான் மணின்னு இருவத்தஞ்சு வருசம் ஓட்டிட்டான் பாரு."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லப்பா. நம்ம பஸ்ஸு, லாரி வேகத்துக்கெல்லாம் கோடியில ஒரு பங்கு கூட மாறாது."

"நீ சொல்லாத, எனக்கு மாறுச்சு."

செல்லிக்குச் சிரிப்பு வரும். இன்றைக்குக் காலையிலும் பத்து மணிக்கு ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, குமிழைக் கடைசிவரை இழுத்து ஓட விட்டான்.

வாசலில் ஒரு கிழவர் கோவிந்தனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல மனுசன், அதான் நல்ல நேரமாப் பாத்துப் போயிருக்கறான். கொஞ்சம் முன்னாடி போயிருந்தா பீடையில்ல? ஊரையே இல்ல புடிச்சிருப்பான்?"

செல்லியின் கை முடிச்சில் நின்றது.

ரெண்டு வருசத்துக்கு முன் பாஞ்சாலியின் புருஷன் செத்தது சதயத்தில், அதுவும் அடைப்பு நட்சத்திரம். அன்றைக்கே அவளை வெளியே விட்டு வீட்டைப் பூட்டினார்கள். ஆறு மாசம் மழையிலும் வெயிலிலும் ஆட்டுக்கொட்டாயில் கிடந்தாள். பத்தாவது படித்த பையன் பரீட்சைக்குப் போகவில்லை. அந்தப் பூட்டு காரிமங்கலம் சந்தையில் வாங்கியது. ஊரார் சொன்னார்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தவள் செல்லிதான். பாஞ்சாலி ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

செல்லி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மாமா, மணி பத்து இருவத்தொண்ணு இல்லீங்க. பத்து ஆறு."

"என்னா?"

"எங்க வூட்டு கடியாரம் பதினஞ்சு நிமிசம் முந்தி ஓடுது. உங்க தம்பி வச்சது. அவரு உசுரு போனது பத்து ஆறுக்கு."

தப்புக்குச்சி வைத்திருந்தவன் அடிக்காமல் நிறுத்தினான். கோவிந்தன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். கோபத்தைவிடப் பயம்தான் அதில் இருந்தது.

"ஏன் செல்லி சொன்ன? சொல்லாமயே இருந்திருக்கலாமில்ல? எனக்குத் தெரியாம இருந்தா நான் தூங்கியிருப்பன். இப்ப அந்தப் புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு நான் எப்படி இருப்பன்?"

"அவரு செத்த நேரத்த நான் எதுக்கு மறைக்கணும்? திருட்டா பண்ணிட்டுப் போனாரு?"

கோவிந்தன் மறுபடி போன் போட்டான். ஜோசியரின் குரல் இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. ரேவதி, ஆறு மாசம். பொணம் நிலைவாசல் வழியே போகக் கூடாது, பின்சுவரை இடித்து அந்த வழியாக எடுக்கணும். இருட்டுமுன் பூட்டிவிடணும்.

ஒருத்தன் கடப்பாறைக்குப் போனான். இன்னொருத்தன் வேலியில் காய்ந்து கிடந்த முள்ளை வெட்டி வரப் போனான். எல்லாம் தயாராக எங்கேயோ காத்துக்கொண்டிருந்த மாதிரி வேகமாக நடந்தது. பிணம் எடுக்கிற நேரத்துக்குக் கடப்பாறை பின்சுவருக்கு வந்தபோது, செல்லி பின்பக்கம் போய்ச் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"இது அவரு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் குவாரியில கழிச்ச கல்ல வாங்கித் தலையில தூக்கியாந்து கட்டுன செவுரு. இடிக்கறதுன்னா என்னயும் சேத்து இடிங்க."

"இந்தாம்மா, அவன் என் தம்பி. எனக்கு மட்டும் ஆசையா?"

"உங்க மருமவ என் பொண்ணு மாதிரி. அவளுக்கு ஒண்ணும் ஆவாது. உங்க தம்பி ஈ எறும்ப மிதிக்காத மனுசன். பத்து இருவத்தொண்ணுல செத்தா நல்லவரு, பத்து ஆறுல செத்தா பேயா ஆயிருவாரா? சொல்லுங்க மாமா, ஆயிருவாரா?"

கோவிந்தன் வாயைத் திறந்தான். தம்பியைப் பற்றி அப்படிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"வூட்டப் பூட்ட மாட்டன். அவரு வாசல் வழியாத்தான் போவாரு."

"தூக்க ஆளு வேணுமில்ல?" என்றான் கடப்பாறைக்காரன். "நெலவாசல்ல எவன் தூக்குவான்?"

பாடை தெருவில் தயாராகக் கிடந்தது. குளிப்பாட்டி, வேட்டி கட்டி, மாலை போட்டாகிவிட்டது. மூன்றரை மணிப் புழுக்கத்தில் மாலை வாடத் தொடங்கியிருந்தது. குவாரிக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

பாஞ்சாலி உள்ளே போனாள். கயிற்றுக்கட்டிலின் தலைமாட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு, "வாக்கா" என்றாள்.

செல்லி அந்தப் பக்கக் காலைப் பிடித்தாள். கால்மாட்டில் மலர் நின்றாள், அழுகையை நிறுத்தியிருந்தாள். மூன்று பேரும் குனிந்து தூக்கினார்கள். கல் சுமக்கிற பெண்களுக்குத் தர்மன் கனமே இல்லை. தூசி அவனை உள்ளுக்குள்ளேயே தின்று முடித்திருந்தது. நிலைவாசலில் கட்டில் இடித்தபோது பாஞ்சாலி, "சாச்சிப் புடி, சாச்சிப் புடி" என்றாள், குவாரியில் சொல்வது போலவே. கட்டில் சாய்ந்து நுழைந்து, படியிறங்கி, தெருவுக்கு வந்தது.

தெருவுக்கு வந்துவிட்ட பிணத்தைத் தூக்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. முதல் ஆளாகத் தோள் கொடுத்தவன் கோவிந்தன். அவன் செல்லியைப் பார்க்கவில்லை.

தப்புச் சத்தம் ஏரிப்பக்கம் போய்த் தேய்ந்தது. வாசல்படியின் குறுக்கே ஒரு கட்டு வேலிக்காத்தான் முள் கிடந்தது. அதன் மேல் புதுப் பூட்டு, சாவியோடு. செல்லி பூட்டை எடுத்து மாடத்தில் வைத்தாள். முள்ளை இழுத்துப் போய் முற்றத்து அடுப்பில் உடைத்துச் செருகினாள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் வந்து குளிக்கத் தண்ணீர் காய வேண்டும். காய்ந்த முள், பட்டென்று பிடித்தது.

பாஞ்சாலி வீட்டைக் கழுவி விட்டாள். மலர் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவர்க்கடிகாரத்துக்குக் கை நீட்டினாள்.

"அத ஏன் தொடற?"

"சரி பண்ணிர்றம்மா. இதனாலதான இவ்வளவும்."

"இருக்கட்டும். காலையில உனக்கு பஸ்ஸு இருக்குது."

ஈரத்தரையில் மூலையைத் துடைக்கப் போன செல்லி, அங்கே தள்ளிப் போட்டிருந்த பழைய சேலையைத் தூக்கினாள். அடியில் லேப்டாப். யாரோ அவசரத்தில் மூடாமல், பிளக்கையும் பிடுங்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். லாரி ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் ரெண்டு கண்ணாடிக்கும் நடுவே சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. குமிழ் கடைசியில், அவன் இழுத்துவிட்ட இடத்தில்.

மலர் குனிந்து அணைக்கப் போனாள். செல்லி அவள் கையைப் பிடித்தாள். ஒவ்வோர் எழுத்தாக, வாய்விட்டு, மெதுவாகப் படித்தாள்.

"தரைக் கடிகாரம். ஏழு மணி ஐம்பது நிமிடம். லாரிக் கடிகாரம். ஒரு மணி... ஆறு நிமிடம்."

மலர் அணைக்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஆண்கள் திரும்பிவிட்டார்கள். தோளில் துண்டோடு கோவிந்தன் படிக்கு ரெண்டு முழம் தள்ளி நின்றான். "செல்லி, தண்ணிய இப்படி வெளிய வையி" என்றான்.

அடுப்பில் கடைசி முள் வெடித்து அடங்கியது. செல்லி ஆவி பறக்கும் வாளியை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். நிலைவாசலுக்கு உள்பக்கம் அதை இறக்கி வைத்து, செம்பை மிதக்க விட்டாள்.