அரைத் திருகு

விடிகாலை ஐந்தரைக்குக் கண்ணுச்சாமி வேனின் பானட்டைத் தூக்கி, ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் ஓஸை அமுக்கிப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆறரைக்கு நிறுத்திய வண்டி. எஞ்சினைத் தொட்டால் சில்லென்றிருந்தது. ஆறிப்போன வண்டியில் ஓஸ் கைக்கு மெத்தென்று அமுங்க வேண்டும். துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகினான். புஸ்ஸென்று காற்று சீறியது. பின்னாலேயே தண்ணீர் பொங்கி வழிந்து அவன் செருப்பை நனைத்தது.

மூன்று மாதமாக இதே கதைதான். பட்டாசுக் கம்பெனியின் வேன் அது, பத்தொன்பது வருடத்து டீசல் வண்டி. ஆனைக்குட்டம் பக்கத்து ஊர்களில் பதினெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு, அச்சங்குளம் தாண்டி இருக்கும் கம்பெனிக்குப் போக வேண்டும். பதினொரு வருடமாகக் கண்ணுச்சாமிதான் ஓட்டுகிறான். மூடியை இரண்டு தடவை மாற்றிவிட்டான். தெர்மோஸ்டாட்டை மாற்றினான். ரேடியேட்டரைக் கழற்றித் திருத்தங்கல் கொண்டுபோய் அடைப்பு எடுத்து வந்தான். ஓஸ் மட்டும் இளகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நோயைக் கண்டுபிடித்தான். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி வைத்து, மூடியைத் திறந்துபோட்டு, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தான். தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை, அதற்குள் குமிழ் குமிழாகக் கிளம்பி வந்தது. எஞ்சினுக்குள் எரிகிற புகை தண்ணீரில் புகுந்து வருகிறது. டீசல் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தான். மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் நட்டைத் தளர்த்தியதும் குமிழ் அடங்கியது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் புகை கசியாமல் அடைத்திருக்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், அங்கேதான் போயிருந்தது. வாலிபத்தில் ஆறு வருடம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை. ஆனாலும் அன்றைக்குத் தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மேனேஜர் பிரபாகரனிடம் போய்ச் சொன்னதும் அந்தப் பெருமை போய்விட்டது.

"ஹெட்டைக் கழட்டினா எத்தன நாள் வண்டி நிக்கும்?"

"ஒரு வாரம் ஆகும் சார்."

"சீசன்ல ஒரு வாரமா? தீவாளி முடியட்டும்யா. பால்பாண்டி மூடிதான் கோளாறுங்கான். நல்ல மூடியா வாங்கிப் போடு."

பால்பாண்டி என்ற பெயரைக் கேட்டாலே கண்ணுச்சாமிக்கு வயிறு எரியும். வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகவில்லை. சித்திரையில் கம்பெனி வாங்கிய ஏசி வேனை அவனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். வெளியூர் டீலர்களை மதுரையிலிருந்து கூட்டி வருவதும் கொண்டுபோய் விடுவதும்தான் அவன் வேலை. சட்டையில் ஒரு எண்ணெய்ப் பொட்டு இருக்காது. மேனேஜர் அவன் தோளில் கைபோட்டு "தம்பி" என்பார்.

பழைய வேன் மழையில் நின்றுபோன ஒரு நாள், அந்த வழியே வந்த பால்பாண்டி பெண்களைப் புது வேனில் ஏற்றிக்கொண்டு போனான். கண்ணுச்சாமியின் மனைவி முத்துச்செல்விக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. வீட்டுக்கு வந்ததும், "குலுங்கவே இல்லீக. பால்பாண்டி என்னா பதனமா ஓட்டுதான்!" என்றாள். கண்ணுச்சாமி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

ஹெட்டைக் கழற்ற விடாததால் அவனே ஒரு வழி செய்துகொண்டான். அதன்பின் தினமும் காலையில் தண்ணீர் நிரப்பிவிட்டு, மூடியை முழுக்க இறுக்காமல் அரைத் திருகில் நிறுத்திவிடுவான். புகை அந்த இடுக்கில் போய்விடும், ஓஸ் வெடிக்காது. தண்ணீர் குறையும், பாதி வழியில் நிறுத்தி ஊற்றிக்கொள்வான். எப்படியும் எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வெயில் ஏறுமுன் வெடிமருந்து வேலையை முடிக்கிற தொழில் என்பதால் எட்டு அடித்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பிந்தி வந்தவருக்கு அன்று வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "நாளைக்குப் புது வண்டிய விருதுநகர்ல சர்வீசுக்கு விடணும். நீ எஞ்சின் வேலை தெரிஞ்சவன், கூட நின்னு பாத்துக் கொண்டா. ஒன் ட்ரிப்பப் பால்பாண்டி அடிக்கட்டும்."

பழைய வேனுக்கு வைத்தியம் சொன்னபோது அவனுக்குத் தெரியாமலிருந்த எஞ்சின் வேலை, புது வேனுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் சாவி மாற்றிக்கொள்ளும்போது பால்பாண்டி கேட்டான். "அண்ணே, வண்டியில ஏதும் பாத்து ஓட்டணுமா? சொல்லுங்கண்ணே."

மூடி விஷயம் நாக்கு நுனி வரை வந்தது. பால்பாண்டியின் சட்டையில் செண்டு மணத்தது.

"ஒண்ணுமில்லலே. தண்ணி ரொம்பித்தான் இருக்கு. சாவியப் போட்டு ஓட்டு."

நடுரோட்டில் ஒரு தடவை ஆவி பறக்க நிற்கட்டும், மூடிதான் கோளாறா என்று அப்போது தெரியும். கண்ணுச்சாமி நினைத்தது அவ்வளவுதான். அதை நினைக்க நினைக்க இனித்தது.

மறுநாள் அவன் விருதுநகரிலிருந்து திரும்பி வீட்டுக்குள் நுழைந்தபோது முத்துச்செல்வி அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குக் கட்டிய பழைய சேலையில் மருந்துத் தூசி இல்லை.

"வேலைக்குப் போகலியா?"

"போனோம். கேட்டு சாத்திட்டாக. மூடி தளந்து கெடக்குன்னு பால்பாண்டி காலையில நல்லா இறுக்கித் திருகினான். பாதி வழியில டமார்னு ஓஸ் வெடிச்சுருச்சு. மணியாச்சு, மணியாச்சுன்னு நாங்கதான் அவனப் போட்டுக் கத்துனோம். பாவம், அவனும் டியூப வச்சுக் கட்டி, சூட்டோட சூடா பச்சத்தண்ணிய ஊத்திட்டான். ஹெட்டே கீறிருச்சாம். அப்புறம் ஒரு லோடு வண்டியில ஏறிப் போனோம். எட்டரை ஆயிருச்சு. பதினெட்டுப் பேரையும் திருப்பி அனுப்பிட்டாக. அவன் ரோட்டுல நின்னு அழுதான்."

கண்ணுச்சாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"தெனம் அந்த மூடிய அரையில நிப்பாட்டுவீகளே, பின்னால ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். அவங்கிட்டச் சொன்னீகளா?"

"சொன்னேன்."

அவள் அவன் முகத்தை ஏறிட்டாள். பிறகு எழுந்து சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

சனிக்கிழமை ஆபீஸ் வாசலில் பால்பாண்டி கசங்கிய சட்டையோடு நின்றிருந்தான். உள்ளே மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "டிரைவர் கவனக்குறைவுதான் முதலாளி. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு." போனை வைத்துவிட்டுக் கண்ணுச்சாமியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஹெட் கேஸ்கெட் போயிருச்சுன்னு நீ எப்பவாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கியா?"

மேசைமேல் புது வேனின் சாவி இருந்தது. வாசலில் நின்றவன் காதில் கேள்வி விழுந்திருக்கும். கண்ணுச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல சார்."

"திங்கக்கிழமையிலருந்து இத நீயே ஓட்டு" என்று மேனேஜர் சாவியைத் தள்ளிவிட்டார்.

பால்பாண்டியை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். பழைய வேன் காயலான் கடைக்குப் போனது. இந்தச் சீசனுக்கு வேறு வண்டி கிடையாது, அவரவர் பஸ்ஸில் வந்துகொள்ள வேண்டும் என்று கேட்டில் எழுதிப் போட்டார்கள். பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து கம்பெனிக்கு நாலு கிலோமீட்டர் நடை.

புதன்கிழமை காலை மேனேஜரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கண்ணுச்சாமி அந்த ரோட்டில் வந்தான். வண்டி குலுங்கவே இல்லை. கடிகாரம் ஏழு நாற்பத்தெட்டு காட்டியது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்டை அடைத்துக்கொண்டு பெண்கள் வேக வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் முத்துச்செல்வி.

"சார், எட்டாகப் போவுது. இவுகள ஏத்திக்கிடுவமா?"

"பால்பாண்டி ஒரு நாள் ஏத்துன கறையே இன்னும் சீட்ட விட்டுப் போகல. இன்னிக்கு டீலர் வாராரு. ஆரன அடி."

அடித்தான். பெண்கள் கருவேல முள்ளை ஒட்டி ஒதுங்கினார்கள். எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள், முத்துச்செல்வி மட்டும் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிய பிறகு கண்ணுச்சாமி கண்ணாடியை ஏறிட்டான். புதிதாகப் பிளாஸ்டிக் உறை போட்ட பன்னிரண்டு சீட்டுகள் காலியாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால், தூக்குவாளிகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு பெண்கள் ஓடத் தொடங்கியிருந்தார்கள்.