மேற்குச் சுவரில் ஓர் ஆணி

வெர்னன் கெட்டுனெனிடம் நாற்பத்தேழு வில் இருந்தது. எல்லாம் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் செய்தவை. மேப்பிள் மரத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவி, முன்னும் பின்னும் கண்ணாடியிழை ஒட்டி, நுனிகளை வெளிப்பக்கம் வளைத்துவிட்டவை. கைப்பிடியில் பதித்த வட்ட முத்திரை செம்பா பித்தளையா என்று பார்த்தே எந்த வருடத்து வில் என்று சொல்லிவிடுவார். முத்திரையின் தேய்மானத்தைப் பார்த்து மாதத்தையும் சொல்வார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

இந்த ஞானத்துக்காகத்தான் ஹெரிங் ஆற்றுப் பழைய வில் வேட்டைச் சங்கம் அவரை ஒன்பது வருடமாகத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்திருந்தது. மிச்சிகனின் வடக்கு முனையில், குளிர் காலத்தில் தபால்காரரே வழி தவறும் ஓர் ஊரில், இருபத்திரண்டு உறுப்பினர் கொண்ட சங்கம் அது. அக்டோபர் முதல் தேதி வில் வேட்டை தொடங்கும். நவம்பர் பதினான்கோடு சரி. பதினைந்தாம் தேதி விடியற்காலையில் துப்பாக்கிப் பருவம் பிறந்துவிடும். நாணின் புனிதம் பற்றி ஆறு வாரம் பேசியவர்கள் அத்தனை பேரும் அன்று துப்பாக்கியோடு காட்டுக்குள் இருப்பார்கள். அதைப் பற்றிச் சங்கத்தில் யாரும் பேசுவதில்லை.

சங்கக் கூடத்தின் மேற்குச் சுவரில் ஆணிகள் உண்டு. ஒருவர் தன் பழைய வில்லால் ஒரு மானை வீழ்த்தினால், அந்த வில்லை நவம்பர் பதினான்காம் தேதி விருந்தில் அங்கே மாட்டலாம். மாட்டுமுன் வில்லின் மேல் கையை வைத்து நிற்க வேண்டும். சங்கத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் மூன்று கேள்வி கேட்பார். எங்கே, எத்தனை அடியில், எந்த வில்லால். வில்லில் கை வைத்தபின் பொய் சொன்னவன் சங்கத்தில் இல்லை. சுவரில் பதினாறு வில் தொங்கியது. தலைவருடையது ஒன்றுகூட இல்லை. ஒன்பது வருடமாக இதை யாரும் கேட்காததற்குக் காரணம், கேட்டால் அவர் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார் என்பதுதான்.

அந்த அக்டோபரில் டெஸ் லஃபோர்ஜ் என்ற பெண் புதிதாகச் சேர்ந்தாள். தீவனக் கடையில் மூட்டை ஏற்றுகிறவள். முதல் கூட்டத்தில் தலைவர் பழைய வில்லுக்கு எந்த நாண் கட்டலாம், எது கூடாது என்று முக்கால் மணி நேரம் பேசினார். அது அவருடைய ஆஸ்தான உரை. இப்போது வருகிற மெல்லிய, நீளாத நாணை அந்தக் காலத்து வில்லில் கட்டினால் அதிர்ச்சி முழுவதும் நுனிக்குப் போய் நுனி பிளந்துவிடும். தொய்வு கொடுக்கும் பழைய நூல் நாண்தான் கட்ட வேண்டும். உரை முடிந்ததும் டெஸ் சுவரைப் பார்த்தாள்.

"இதுல உங்களோடது எது, மிஸ்டர் கெட்டுனென்?"

காபி ஊற்றிக்கொண்டிருந்த உறுப்பினர் ஒருவர் ஊற்றுவதை நிறுத்தினார். கேட்டதில் நக்கல் இல்லை. நக்கலாக இருந்திருந்தால் வெர்னன் சமாளித்திருப்பார்.

"இந்த வருஷம் பதினாலாம் தேதி மாட்டுவேன்," என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "மாட்டலைன்னா நாற்காலிய விட்டு எறங்கிடுறேன்."

வீட்டுக்கு வந்து மனைவி ஆர்லினிடம் சொன்னபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எறங்கிட்டா, கூட்டம் நடக்கிற செவ்வாய்க்கிழமைகள்ல உன்னை நான் எங்க வச்சுக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

எந்த வில் என்பதில் வெர்னனுக்குச் சந்தேகமே இல்லை. 1957இல் செய்த ‘நாரை’ என்னும் வில். நாணை இழுக்க ஐம்பது பவுண்டு பலம், கருநீல முகம், ஒரு கீறல் கிடையாது. ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில், ஏழு பேரோடு முட்டி மோதி எடுத்தது. அதோடு கட்டாயமாகத் தலையில் கட்டப்பட்ட இன்னொன்றும் உண்டு. மரமே இல்லாமல் முழுக்கக் கண்ணாடியிழையில் வார்த்த சிவப்பு வில். கோடை முகாமில் பிள்ளைகள் வைக்கோல் பொதியில் எய்து விளையாடுவது. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் ‘மஸ்கீட் முகாம், குடில் 4’ என்று எழுதியிருக்கும். அதை வெர்னன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆர்லின் அதை வாசல் பக்கம் வைத்துக் கூரை விளிம்பில் சேரும் பனியைத் தட்டிவிடப் பயன்படுத்தினாள். இவ்வளவு உதவியான வில் வேறு எதுவும் இந்த வீட்டில் இல்லை என்பது அவள் கருத்து.

அக்டோபர் இருபதாம் தேதி, தேவதாரு மரங்கள் நிற்கும் சதுப்பு ஓரத்தில், வெர்னனுக்குப் பதினைந்து அடியில் ஒரு மான் வந்து நின்றது. அதே நிமிடம் தூறலும் வந்தது. மானைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், நாரையைப் பார்த்தார். கோட்டைத் திறந்து நாரையை உள்ளே வைத்துப் பொத்தானைப் போட்டார். இந்த மனிதர் தன்மேல் அம்பு விடப்போவதில்லை என்று தெரிந்துகொண்டதைப்போல் மான் கொஞ்சம் புல்லைக் கடித்துவிட்டு நிதானமாகப் போனது.

நனைந்துகொண்டே அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. எழுந்தபோது ஏதோ முடிவாகியிருந்தது. அன்றிலிருந்து தினமும் காலை நூறு அம்பு, மாலை நூறு அம்பு. கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் பொதி. தோள் வலித்தது; தைலம் தேய்த்துக்கொண்டு எய்தார். விரல் வெடித்தது, தோலுறை மாட்டிக்கொண்டு எய்தார். நவம்பர் பிறந்தபோது பத்து அம்பில் ஏழு ஒரு தட்டு அகலத்துக்குள் விழுந்தது. ஆர்லின் ஜன்னலில் இருந்து எண்ணிப் பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் அது பெரிய பாராட்டு.

பதினொன்றாம் தேதி நாரையின் நாண் நைந்துபோயிருந்தது. சமையலறை இழுப்பறையில் ஒரு கருப்பு நாண் கிடந்தது. எப்போதோ நண்பர் டேல் சர்வெலா கொடுத்தது. நீளம் சரியாக இருந்தது. முப்பது வருடமாக மற்றவர்களின் நாணை வாங்கிக் கண்ணுக்கருகில் பிடித்துப் பார்த்தவர், தன் நாணை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. கட்டினார். நாலாவது அம்பில் ‘டப்’ என்றது. மேல் நுனி பிளந்து, கருநீலப் பட்டை ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து தொங்கியது. அப்போதுதான் நாணை விரலில் உருட்டிப் பார்த்தார். மெல்லியது. நீளாதது. அவருடைய முக்கால் மணி நேர உரையின் நாயகன்.

கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் பனி தட்டிக்கொண்டிருந்த ஆர்லின் சத்தம் கேட்டு வந்தாள். நாரையைப் பார்த்தாள். நாணைப் பார்த்தாள். அவளும் அந்த உரையைப் பலமுறை கேட்டவள்.

"இன்னும் மூணு நாள் இருக்கு," என்றாள்.

"மிச்சத்துல ஒண்ணை எடுத்தாலும் இதே கதிதான். எதை எடுத்தாலும் உடைஞ்சிடுமோன்னு பாத்துட்டேதான் இழுப்பேன்."

"அப்ப உடைஞ்சாலும் நீ அழாத ஒண்ணை எடு." கையில் இருந்த சிவப்பு வில்லை நீட்டினாள். "எட்டு வருஷமா ஐஸை அடிக்கிறேன். ஒண்ணும் ஆகல."

வெர்னன் அதைத் தொடாமல் பார்த்தார். "அது பசங்க வில்லு."

"நாப்பது பவுண்டுன்னு போட்டிருக்கு. படிக்கத் தெரியும்ல, தலைவரே?"

நூல் நாண் கட்டி எய்தபோது முதல் அம்பு பொதியின் இடப்பக்கம் போனது. பத்தாவது நடுவில் போனது. கையில் இருப்பது என்ன வருடம், என்ன விலை, எத்தனை பேரிடம் இல்லை என்ற சிந்தனையே இல்லாததால் கண் குறியை மட்டும் பார்த்தது. இருட்டும்வரை எய்தார். மறுநாளும் எய்தார். இந்த வில்லுக்குப் பத்தடிக்கு மேல் விடக் கூடாது என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டு, அம்பு முனையை அரத்தில் தேய்த்து, முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்துக் கூர் போட்டார்.

பதின்மூன்றாம் தேதி ஒரு கொம்பன் மான் வந்தது. இருபது அடி. வெர்னன் வில்லைத் தூக்கவே இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, பேசுவதற்கு ஆளில்லாத இடத்தில் ஒரு விதியைக் கடைப்பிடித்தார்.

பதினான்காம் தேதி விடிந்து கொஞ்ச நேரத்தில், கொம்பு இரண்டாகப் பிரிந்த இளங்கொம்பன் ஒன்று சதுப்போரத் தடத்தில் வந்தது. பதினைந்து அடி. பன்னிரண்டு. மறுபடியும் தூறல் விழுந்தது. வெர்னன் வானத்தைப் பார்க்கவில்லை. ஒன்பது அடியில் கொம்பன் தலையைத் திருப்பியபோது, முன்னங்காலுக்குப் பின்னால் ஒரே ஒரு மயிரைப் பார்த்து இழுத்து விட்டார். மான் துள்ளி ஓடியது. உடனே துரத்தினால் அடிபட்ட மான் இன்னும் தூரம் ஓடிவிடும் என்று அரை மணி நேரம் அசையாமல் இருந்தார். அதுதான் அன்றைக்குக் கஷ்டமான வேலை. பிறகு பனியில் சிவப்பைப் பார்த்துக்கொண்டே எழுபது தப்படி நடந்தார். கொம்பன் ஒரு விழுந்த மரத்தின் பக்கம் கிடந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உரை எதுவும் வரவில்லை.

மானை இழுத்துப்போக உதவ டேல் வந்தார். சிவப்பு வில்லைக் கண்டதும் அவர் முகம் மரியாதையாகச் சிரிப்பை அடக்கியது. வண்டியில் போகும்போது நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: நாரையால்தான் மானை வீழ்த்தினேன், அதன் பிறகு அது உடைந்தது என்று சொல்லிவிடு, நான் வாயைத் திறக்க மாட்டேன், தலைவருக்குக் குடில் நாலு அழகா என்று யோசித்துப் பார்.

வெர்னன் யோசித்தார். வீடு வரும்வரை யோசித்தார். சாயங்காலம் வண்டியில் இரண்டு வில்லையும் ஏற்றினார்.

சங்க வழக்கப்படி ஆர்லின் மானின் இதயத்தை வெங்காயத்தோடு வதக்கிச் சட்டியில் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கூடம் நிறைந்திருந்தது. வெர்னன் முதலில் திறந்தது நீளமான தோல் பெட்டியை. நாரை. சபையில் ஒரு பெருமூச்சு. பிறகு பிளந்த நுனியைப் பார்த்து இன்னொரு பெருமூச்சு. அதை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, போர்வையில் சுற்றியிருந்த சிவப்பு வில்லை எடுத்தார். யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒருவர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

டெஸ் எழுந்தாள். வெர்னன் வில்லின் மேல் கையை வைத்தார். ‘குடில்’ என்ற சொல் விரலுக்கடியில் மறைந்தது. நாலு மட்டும் தெரிந்தது. கையைக் கொஞ்சம் நகர்த்தி எழுத்து முழுவதும் தெரியும்படி வைத்தார்.

"எங்கே?"

"சதுப்போரம். ரெண்டாவது தேவதாரு."

"எத்தனை அடி?"

"ஒன்பது."

"எந்த வில்லு?"

"இந்த வில்லு. மஸ்கீட் முகாம், குடில் நாலு. நாரையை நானே உடைச்சேன். தப்பான நாண் கட்டி."

டெஸ் ஓர் ஆணியை எடுத்து நீட்டினாள். பதினேழாவது. சுத்தியலை வெர்னனே அடித்தார். முதல் அடி விரலில் விழுந்தது.

அத்தோடு உட்கார்ந்திருந்தால் அன்றிரவு அவர் ஒரு மகானாகியிருப்பார். ஆனால் நாற்காலி அவருடையதாகவே இருந்துவிட்டதால், கோடை முகாம் வில்களின் வரலாறு, அவற்றில் சிவப்பு ஏன் பச்சையைவிட அரிது என்பது குறித்து நாற்பது நிமிடம் பேசினார். இதயம் ஆறிப்போனது. கிறிஸ்துமஸுக்குள் உறுப்பினர்களில் ஆறு பேர் பழைய சாமான் கடைகளில் சிவப்பு வில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பரில் பெரும் பனி விழுந்தது. காலையில் வாசலில் தட்டும் சத்தம் கேட்டு வெர்னன் எட்டிப் பார்த்தார். ஆர்லின் கூரை விளிம்பை நாரையால் தட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு வில்தான் சங்கச் சுவரில் தொங்குகிறதே, வேறு எதை எடுப்பாள்.

வாயைத் திறந்தார். ஐம்பத்தேழு, கருநீலம், ஏழு பேர் என்று எல்லாம் தொண்டை வரை வந்தது. விழுங்கினார்.

"பிளந்த நுனியைக் கீழ பிடி," என்றார் கடைசியில். "மேல பிடிச்சா இன்னும் உரியும்."

"சரி," என்றாள் அவள், திரும்பாமல். "அப்படியே இது எந்த வருஷத்துப் பனின்னும் சொல்லிடு, தலைவரே."