குழாய் காலிதான்

பயிற்சிக் கூடத்தின் முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மேஸ்திரியைக் கண்டதும் பயிற்சி கொடுக்க வந்தவள் பெயர்ப் பட்டியலை எடுத்துச் சரிபார்த்தாள். அவனுக்கு அவளைத் தெரியாது. அவளோ, என்றைக்காவது இவன் தன் கையில் மாட்டுவான் என்று கறுவிக்கொண்டுதான் இந்த வேலைக்கே வந்திருந்தாள்.

அவள் தம்பி இதே ஆலையில் குழாய் மாட்டும் ஃபிட்டராக இருந்தவன். அமிலக் குழாயின் இணைப்பைக் கழற்றச் சொன்னபோது, உள்ளே அழுத்தம் இருக்குமோ என்று தயங்கினான். காலிதான், கழட்டுடா என்று விரட்டியவன் இந்த மேஸ்திரி. குழாய் காலியாக இல்லை. தம்பிக்கு இரண்டு கண்ணும் போயிற்று. விசாரணையில் மேஸ்திரி, நான் அப்படிச் சொல்லவே இல்லை, அவன்தான் அவசரக்குடுக்கை என்று கூசாமல் சொன்னான். பக்கத்தில் நின்ற யாரும் வாய் திறக்கவில்லை.

அவள் பாடத்தைத் தொடங்கினாள். வால்வை மூடிப் பூட்டணும், வடிக்கணும், அழுத்தமானியைக் கண்ணால் பார்க்கணும், தனக்கு எதிர்ப்பக்க போல்ட்டை முதலில் தளர்த்தணும், அப்போதுதான் பீய்ச்சினாலும் முகத்தில் அடிக்காது. இதையெல்லாம் கரைச்சுக் குடிச்சவன் நான் என்று மேஸ்திரி பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தான்.

சாப்பாட்டு இடைவேளையில் அவள் பயிற்சிக் குழாயருகே போனாள். எப்போதும் அதில் வெறும் தண்ணீர்தான். அலமாரியில், காட்டுவதற்காக வைத்த நிஜ அமிலக் கேன் இருந்தது. அதைக் குழாய் வாய் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு கீழே வைத்தாள். இரக்கப்பட்டு அல்ல. கண் போனவனைப் பார்த்து நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். அந்தப் பரிதாபம் கூட இவனுக்குக் கிடைக்கக் கூடாது. ஆலைக் கேன்டீன் சமையற்கட்டிலிருந்து வினிகரைக் கொண்டுவந்து தண்ணீரில் கலந்து ஊற்றி, அழுத்தம் ஏற்றினாள்.

செய்முறைக்கு முதல் ஆளாக அவனைக் கூப்பிட்டாள்.

"குழாய் காலிதான் அண்ணே. கழட்டுங்க."

அவன் அழுத்தமானிப் பக்கம் திரும்பவே இல்லை. முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தன் பக்கத்து போல்ட்டிலேயே ஸ்பேனரைப் போட்டான். குழாய் முகத்தில் சீறியது.

எரிச்சலில் அமிலமென்றே நினைத்து, கண்ணு போச்சே என்று கத்திக்கொண்டு கண் கழுவும் தொட்டியைத் தடவித் தேடினான். அவள் அவன் தலையைத் தொட்டிக்கு மேல் அழுத்திப் பிடித்தாள். மற்றொரு கை தொட்டியின் தண்ணீர்த் திருகின் மேல் இருந்தது. திறக்கவில்லை.

"என் தம்பிகிட்ட காலின்னு சொன்னது யாரு?"

இவள் அந்த ஃபிட்டரின் அக்கா என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. "நான்தாம்மா. தண்ணிய விடு."

"எல்லாருக்கும் கேக்கணும்."

"நான்தான் சொன்னேன்! நான்தான்!"

தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெறும் வினிகர்தான், கழுவினால் போய்விடும் என்றாள்.

அன்றைக்கே அவள் வேலை போனது. அதற்கு அவள் வருந்தவில்லை. அவன் சொல்லை நம்பி இனி ஸ்பேனரைத் தொடமாட்டோம் என்று ஆட்கள் வேலையை நிறுத்திக் கை கட்டி நின்றதில், நிர்வாகம் பழைய விசாரணையை மறுபடி எடுத்தது. மேஸ்திரியைப் பழைய இரும்புக் கொட்டடிக்குக் காவலாகத் தள்ளினார்கள்.

தம்பி நடந்ததை முழுக்கக் கேட்டான். மேஸ்திரி கத்தின இடத்தை மறுபடி சொல்லச் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் கேட்டான்:

"பக்கத்துல நின்னவங்க மேல தெறிக்கலையேக்கா?"

இல்லடா என்றாள். கழட்டச் சொன்ன நேரத்தில் அந்த நினைப்பே தனக்கு வரவில்லை என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.